துறைமுகம் தங்கவைத்தவர்கள்

திருகோணமலையின் வரலாறு என்றதும் கோயிலும் கோட்டையும் கப்பலும்தான் நினைவுக்கு வரும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை எழுப்பியது, ஒல்லாந்தர் அதைப் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1957இல் அவர்களின் கடற்படை வெளியேறியது என்ற வரிசையைப் பாடசாலைப் பிள்ளைகளும் ஒப்புவிப்பார்கள். இதே துறைமுகத்துக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. லண்டன் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பெட்டிகள், நியூகாசில் நகரில் சேர்ந்த ஒரு கட்டு ஓவியம், கொழும்பில் அச்சான பழைய ஆய்விதழ்கள் என்று அது சிதறிக் கிடக்கிறது. அந்த வரலாற்றை எழுதியவர்களில் ஒருவர் பட்டாளத்து வைத்தியர், ஒருவர் தேவாலயப் போதகர், ஒருவர் பீரங்கிப் படை அதிகாரி. பூச்சியும் நத்தையும் செடியும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. வேலை போக மிஞ்சிய பொழுதில் பார்த்தார்கள், குறித்துவைத்தார்கள். இவர்களை இயற்கை நோக்கர்களாக்கியது ஊரின் அழகு என்று சொல்வது வழக்கம். சான்றுகள் வேறொன்றைச் சொல்கின்றன. அழகு வந்துபோகிறவர்களுக்கும் தெரிந்தது. ஆனால் நிலைத்த குறிப்புகளை விட்டுச் சென்றவர்கள், உத்தியோகத்தின் பேரால் இந்த ஊரில் தங்கியே ஆக வேண்டியிருந்தவர்கள்தான்.

கட்டாயத் தங்கலின் முதல் உதாரணம் கொடூரமானது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காகத் திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் றொபேர்ட் நொக்ஸையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். மகனுக்கு அப்போது 19 வயது. மலைநாட்டுக் கிராமங்களில் சிறையிருந்து அவர் தப்பியது 1679இல். 1681இல் வெளியான அவருடைய நூலில் அரசனையும் குடிகளையும் பற்றி எழுதியதோடு எறும்புகளையும் இனம் பிரித்து எழுதினார். மரக்கிளையில் இலைகளைக் கூட்டிக் கூடு கட்டும் முசுறும், மண்ணெடுத்துப் புற்றெழுப்பும் கறையானும் அதில் தனித்தனியாக இடம்பெற்றன. நூல் வெளிவரத் துணைநின்று முன்னுரை எழுதியவர் றொபேர்ட் ஹூக். உருப்பெருக்கியில் எறும்பைப் பார்ப்பதற்காக, அது அசையாமலிருக்க மது கொடுத்து மயக்கியவர். நொக்ஸிடம் உருப்பெருக்கி இல்லை, படிப்பும் அதிகமில்லை. போக வழியில்லாமல் கிடந்த 19 ஆண்டுகள் இருந்தன. வழிப்போக்கன் ஒருவன் எறும்பு கடித்ததை எழுதுவான். எந்த எறும்பு எங்கே குடியிருக்கிறது என்று எழுத, அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும்.

நொக்ஸ் தப்பிய அதே 1679இல் இத்தாலிய வைத்தியர் மல்பீகி, செடிகளில் உண்டாகும் புடைப்புகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். இலையிலும் கொப்பிலும் திடீரென எழும் முண்டுகளுக்குள் புழு இருப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்னர்தான், அழுகல் இறைச்சியில் புழு தானாகப் பிறப்பதில்லை என்று நிறுவிய ரெடி, புடைப்புப் புழுக்களை மட்டும் மரத்தின் உயிராற்றலே படைக்கிறது என்று நம்பினார். தாய்ப்பூச்சி முட்டையிட, அதைச் சுற்றி மரம் வளர்த்துக்கொடுக்கும் வீடே புடைப்பு என்று மல்பீகி காட்டினார். தமிழ் வீடுகளுக்கு இந்தப் பொருள் புதிதல்ல. பிள்ளைக்கு உரைமருந்து கொடுக்கும் வீட்டில் சாதிக்காய், கடுக்காய், வசம்புடன் மாசிக்காயும் இருக்கும். அது காயே அல்ல. துருக்கி, ஈரான் பக்கத்துக் கருவாலி மரத்தில் ஒரு சிறு குளவி முட்டையிட்டதால் திரண்ட புடைப்பு. கையில் எடுத்துப் பார்த்தால் சிலவற்றில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை தெரியும். உள்ளிருந்த குளவி வளர்ந்து வெளியேறிய வாசல் அது. துளையில்லாத காய் கனமாகவும் துவர்ப்பு மிகுந்தும் இருக்கும், விலையும் கூடும். அன்னபேதியோடு சேர்ந்து அது மையாகவும் ஆயிற்று. ஒல்லாந்தர் இலங்கையில் எழுதிக் குவித்த பதிவேடுகளும் அந்த வகை மையால் எழுதப்பட்டவைதான்.

புடைப்பை இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. திருகோணமலையின் வெளிகளிலும் ஓடைக்கரைகளிலும் நிற்கும் புங்கமரத்தின் இலையை எடுத்துக்கொள்வோம். மேற்பக்கத்தில் விரல்விரலாகப் பச்சை முளைகள் நிமிர்ந்து நிற்கும். திருப்பினால் ஒவ்வொன்றுக்கும் அடியில் மிகச் சிறிய வாய். உள்ளே குடியிருப்பது பூச்சிகூட இல்லை. வெறுங்கண்ணுக்கு எட்டாத, புழுப்போல் நீண்டு நாலு காலே உள்ள ஒரு சிற்றுண்ணி. ஒருநாள் வந்து அந்த இலையைப் பறித்துச் செல்கிறவரிடம் ஒரு வடிவம் இருக்கும், ஒரு பெயரும் கிடைக்கும். முளை எந்த மாதத்தில் எழுகிறது, தளிரில் மட்டுமா முற்றிய இலையிலுமா, எப்போது கறுத்து உலர்கிறது, உள்ளிருப்பது எப்போது வெளியேறுகிறது, இடையில் வேறு குளவி வந்து குடியேறுகிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் அதே மரத்தடிக்கு ஒரு வருடம் போய்வந்தவரால்தான் பதில் சொல்ல முடியும். உயிர்கள் ஒன்றின்மேல் ஒன்று தங்கி வாழும் இடங்களில் பார்வையும் தங்கித்தான் பார்க்க வேண்டும். திருகோணமலையின் அமெச்சூர் நோக்கர்கள் எதில் வென்றார்கள், எதில் தோற்றார்கள் என்பதை இந்த அளவுகோலால் அளக்கலாம்.

அவர்களில் முதன்மையானவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட். 1819இல் இலங்கையில் பிறந்த பறங்கியர். எடின்பரோவில் வைத்தியம் படித்து, ஆங்கிலப் பட்டாளத்தில் வைத்தியராகச் சேர்ந்தார். ஜிப்ரால்ற்றரில் பணியிலிருந்தபோது அந்தப் பாறைமுனையின் தாவரங்களைப் பற்றி 1846இல் ஒரு நூல் வெளியிட்டார்; இலங்கைக்குத் திரும்பியபின் 1852இல் இந்தத் தீவின் விலங்குகளைத் தொகுத்து இன்னொன்று. எந்த முகாமில் போட்டாலும் அந்த இடத்தைக் கணக்கெடுக்கும் பழக்கம் அவரோடு கூடவே போயிற்று. 1850களில் திருகோணமலைக்கு வந்தபோது அவர் தேர்ந்தெடுத்த பொருள்தான் கவனிக்கத் தக்கது. யானை, மான், பறவை என்று எல்லோரும் சுடப்போன காலத்தில் அவர் துறைமுகத்தின் ஆழம் குறைந்த கல்லுகளிடையே வாழும் ஓடில்லாக் கடல்நத்தைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

இந்த உயிரினத்தின் இயல்பே என் வாதத்துக்குச் சாட்சி. ஓடில்லாக் கடல்நத்தை விரல்நீளம் இருக்கும். முதுகில் பூப்போல் விரியும் செவுள், தலையில் இரண்டு உணர்கொம்பு, உடலெங்கும் நிறம். தொட்டால் செவுளும் கொம்பும் உள்ளே போய்விடும். சாராயத்தில் இட்டால் நிறம் கரைந்து, உடல் சுருங்கி, அடையாளம் தெரியாத வெளிறிய கட்டியாகும். மற்ற உயிர்களைப் பிடித்துப் போத்தலில் அடைத்து லண்டனுக்கு அனுப்பினால் அங்குள்ள நிபுணர் விவரிப்பார்; இதற்கு அந்த வழி உதவாது. உயிரோடு கடல்நீரில் வைத்து, அது விரியும்வரை காத்திருந்து, நிறத்தோடு வரைந்தால்தான் உண்டு. கெலார்ட் அதைச் செய்தார். 1858, 1859ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய விவரணைகள் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை இதழிலும் இங்கிலாந்தின் இயற்கை வரலாற்று இதழிலும் வந்தன. வெள்ளையுடலில் கரும்புள்ளி வளையங்கள் கொண்ட ஒன்றுக்கு இழவுக்கோலத்தைக் குறிக்கும் பெயரை வைத்தார். இந்துமாகடலில் முக்குளிப்பவர்கள் இன்று அடிக்கடி படமெடுக்கும் இனங்களில் அது ஒன்று. 2000இல் அதன் உடலிலிருந்து புற்றுநோய் அணுக்களைத் தாக்கும் ஒரு சேர்மமும் பிரித்தெடுக்கப்பட்டது. இன்னொன்றுக்கு அவர் வைத்த பெயர் திருகோணமலையின் ஆங்கிலிக்கன் போதகர் எஸ். ஓ. கிளெனியை நினைவூட்டுவது. கிளெனியும் இதே வகை மனிதர். பிரசங்கம் போக மிஞ்சிய நேரத்தில் செடி சேகரித்து, பேராதனைப் பூங்காவின் துவெயிற்சுக்கு அனுப்பிவந்தார். துவெயிற்ஸ் எழுதிய இலங்கைத் தாவரப் பட்டியலில் அவர் பெயர் வருகிறது.

கெலார்ட் 1860இல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலேயே இறந்தார். அவருடைய நத்தைப் படங்கள் நியூகாசிலில் இதே துறையில் உழைத்த ஆல்டர், ஹன்கொக் என்பவர்களின் சேகரத்தோடு சேர்ந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1906இல் அந்தப் படங்களை எடுத்து இனங்களை ஒப்பிட்டுச் சரிபார்த்தவர் சேர் சார்ள்ஸ் எலியட். கிழக்கு ஆபிரிக்காவில் ஆணையாளராக இருந்தவர், பின்னாளில் ஜப்பானுக்குத் தூதுவரானவர். நத்தை அவருக்கும் ஓய்வுநேரக் காதல்தான். ஓர் அமெச்சூரின் படத்தை இன்னோர் அமெச்சூர் வாசித்ததால் திருகோணமலையின் நத்தைகள் அறிவியலில் நிலைத்தன.

நிலம் தங்கவைப்பதை விடவும் கடல் தங்கவைத்தது என்பதற்கு முத்து இன்னொரு சான்று. இலங்கையின் முத்துக்குளிப்பு 1838இலிருந்து 1854வரை நடக்காமல் கிடந்தது. அரசின் வருமானம் அதில் இருந்ததால், காரணம் தேட கெலார்ட்டை நியமித்தார்கள். மன்னார்ச் சிப்பியைப் பற்றி 1858இல் திருகோணமலையிலிருந்து அறிக்கை எழுதிய அவர், கையெட்டும் தூரத்திலிருந்த இன்னொரு சிப்பியையும் விடவில்லை. தம்பலகாமக் குடாவின் சேற்றில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பி படுத்திருக்கிறது. அதன் முத்துகள் பொடியானவை, நகைக்கு உதவாதவை. இந்தியாவுக்குப் போய் மருந்தாயின. செல்வர் வாயில் வெற்றிலைச் சுண்ணாம்பாகவும் ஆயின. சிப்பியை உயிரோடு வைத்துப் பார்த்ததில், பாறையைப் பற்றியிருக்கும் தன் இழைக்கற்றையை முத்துச்சிப்பி தானே அறுத்துக்கொண்டு நகர்ந்து, வேறிடத்தில் புதிதாக இழை விடும் என்று கெலார்ட் கண்டார். அப்படியானால் ஓரிடத்துச் சிப்பியை இன்னோரிடத்தில் குடியேற்றலாம். சிப்பியின் உடலுக்குள் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கண்டு, முத்துத் திரள அவை காரணமாகலாம் என்றும் எழுதினார். சுவிஸ் நாட்டு விலங்கியலாளர் ஹம்பர்ட்டும் அதே முடிவுக்கு வந்திருந்தார். விருந்தாளி ஒன்று உள்ளே வர, வீட்டுக்கார உயிர் அதைச் சுற்றிக் கட்டுவது என்ற மட்டில், மல்பீகியின் புடைப்புக்கும் கெலார்ட்டின் முத்துக்கும் ஒரே வகைக் கேள்வி. பதில்கள் வேறு: புடைப்பைப் பூச்சி தனக்காகக் கட்டுவித்துக்கொள்கிறது, முத்து சிப்பியின் தற்காப்பு.

இங்கே முதல் மறுப்பு எழும். கெலார்ட்டின் புழுக் கருத்து நிலைக்கவில்லையே. சிப்பியின் மேற்தோல் உயிரணுக்கள் பையாகச் சூழ்ந்து முத்தைச் சுரக்கின்றன என்பதும், அதற்குப் புழு கட்டாயமில்லை என்பதும் பின்னால் தெளிவாயிற்றே. சம்பளம் வாங்கிச் செய்த வேலையை அமெச்சூர் கணக்கில் சேர்ப்பதும் சரியா? முத்து அறிக்கை உத்தியோகக் கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவரை அந்தப் பொறுப்புக்குத் தகுதியாக்கியது எவரும் கூலி கொடுக்காமல் அதற்குமுன் செய்த உழைப்பு. பிழையைப் பொறுத்தவரை, நிபுணர்களின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் வரவழைக்கப்பட்டார். சில மாதம் இருந்து திரும்பினார். 1903 முதல் 1906வரை றோயல் சொசைற்றி வெளியிட்ட ஐந்து தொகுதி அறிக்கையில், நாடாப்புழுவின் குஞ்சே நல்ல முத்துக்கு மூலம் என்று அவர் வாதிட்டார். 1906இல் முத்துப்படுகைகள் ஒரு கம்பனிக்கு இருபது வருடக் குத்தகையாகப் போயின. 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் குளிப்பே நடக்கவில்லை. கருத்து இரண்டு பேருடையதும் வீழ்ந்தது. சிப்பி இழையை அறுத்து நகர்கிறது என்ற பார்வை மட்டும் வீழவில்லை. ஊகத்தில் தவறுவது எல்லாருக்கும் பொது. உயிரோடு வைத்துப் பார்த்ததை உள்ளபடி எழுதிவைப்பது, ஊகம் விழுந்த பின்னும் பயன்படுகிறது.

அதே நேர்மையின் மிகச் சிறிய வடிவம் பூச்சிக்கு அடியில் குத்திவைக்கும் சீட்டு. 1890களின் தொடக்கத்தில் பீரங்கிப் படை அதிகாரி யேர்பரி திருகோணமலையில் இருந்தார். ஏடனில் இருந்தபோது வண்ணத்துப்பூச்சி சேகரித்தவர், இங்கே ஈக்களையும் குளவிகளையும் பிடித்தார். ஈயைச் சேகரிக்க எவரும் விரும்புவதில்லை. அழகில்லை, உடல் நொறுங்கும், இனம் பிரிக்க இறக்கை நரம்பை எண்ண வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய பெருந்தொகுதி வரிசையில் குளவிகளையும் ஈக்களையும் புரட்டினால், இனத்தின் விவரணைக்கு அடியில் திருகோணமலையும் யேர்பரியின் பெயரும் திரும்பத் திரும்ப வருகின்றன. குளவித் தொகுதியை எழுதிய பிங்கமும் பட்டாளத்துக்காரர். ஈத் தொகுதிகளை எழுதிய புருனெற்றி, கல்கத்தாவில் இசை வாசித்துப் பிழைத்தவர். ஊர், நாள், ஆள் மூன்றையும் சொல்லும் சீட்டு இல்லாத பூச்சி வெறும் அலங்காரம். சீட்டோடு இருந்தால், நூறு வருடம் கழித்து அந்த இனம் இன்னும் அங்கே இருக்கிறதா என்று எவரும் கேட்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கோட்டையில் எத்தனையோ ஆயிரம் சிப்பாய்கள் வேலையற்றுக் காத்துக்கிடந்தார்கள். அவர்கள் சீட்டாடினார்கள், குடித்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள். தங்குவதே ஆளை நோக்கராக்கும் என்றால் கோட்டை முழுவதும் கெலார்ட்டுகள் இருந்திருக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. தங்கல் அவசியம், ஆனால் போதாது. கெலார்ட்டுக்கும் கிளெனிக்கும் யேர்பரிக்கும் பொதுவாக இருந்த மற்றவற்றையும் சேர்க்க வேண்டும். அனுப்பினால் திறந்து பார்த்துப் பதில் எழுத ஒருவர் இருந்தார்: கிளெனிக்குப் பேராதனையில் துவெயிற்ஸ், யேர்பரிக்கு லண்டன் அருங்காட்சியகம். எழுதினால் அச்சிட ஓர் இதழ் இருந்தது: 1845இல் கொழும்பில் தொடங்கிய ஆசியச் சங்கக் கிளையும், பின்வந்தவர்களுக்கு 1903 முதல் கொழும்பு அருங்காட்சியகம் வெளியிட்ட ‘ஸ்பொலியா சைலானிக்கா’வும் அந்த வேலையைச் செய்தன. பூண்டுலோயாவில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்துகொண்டு செதில்பூச்சிகளைப் பற்றிப் பெருநூல் எழுதத் தொடங்கிய கிறீன், பின்னர் அரசின் பூச்சியியலாளரே ஆனார். நில அளவை அதிபராயிருந்த வூட்ஹவுஸ் 1942இல் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். பொழுது இருந்து, பெறுநரும் அச்சும் இல்லாதவர்களின் பார்வை அவர்களோடு போயிற்று.

இதிலிருந்தே மூன்றாவது மறுப்பு பிறக்கிறது. அதற்கு முழுப் பதில் கிடையாது. இது பேரரசின் அறிவு. கல்லுக்கடியில் நத்தை எங்கே கிடக்கும் என்று தெரிந்தவர் கரைவலைக்காரர். சேற்றில் காலால் துழாவிச் சிப்பி எடுத்தவர் தம்பலகாமத்து ஆள். எந்த மரத்தில் எந்தப் பூச்சி என்று அறிந்தவர் விறகு வெட்டுபவர். சீட்டில் பெயர் இருப்பது அதிகாரிக்கு. சேகரமும் ஓவியமும் ஊரைவிட்டுப் போய்விட்டன. இவை எல்லாம் உண்மை. இலங்கையிலேயே பிறந்த கெலார்ட்டை முன்னிறுத்தி இதை மழுப்பவும் கூடாது. ஆனால் இதிலிருந்து, அந்தக் குறிப்புகளே நமக்கு அந்நியம் என்ற முடிவுக்குப் போவது தவறு. மீனவரின் அறிவு தொழிலோடு பிணைந்தது, தலைமுறை வழியே வாழ்வது, பயனுள்ளவற்றைப் பற்றி எந்த அதிகாரிக்கும் தெரியாத ஆழம் கொண்டது. பயனற்றதைப் பற்றி நாள் குறித்து எழுதிவைக்க அதற்கு அவசியமில்லை. கடல்நத்தையை எவரும் தின்பதில்லை, விற்பதில்லை. பயனில்லாததைப் பார்க்கும் சலுகை அன்று சம்பளமும் வேலையாளும் உள்ளவர்களுக்கு மட்டும் கிடைத்தது. குற்றம் பார்வையில் இல்லை, அதைப் பங்கிட்டதில் இருந்தது. சலுகை பரவலாகும்போது அந்தப் பழக்கத்தையும் நாம் எடுத்துக்கொள்வதே சரியான கணக்குத் தீர்ப்பு.

தங்கலின் பலன் அந்தக் காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. 1980களின் தொடக்கத்தில் ‘ரூலிப்’ என்ற சிறு பாய்க்கப்பலில் ஆய்வாளர் குழுவொன்று இந்துமாகடலின் எண்ணெய்த் திமிங்கிலங்களைத் தேடி வந்தது. திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிருந்தே கடலடியில் ஒரு பெரும்பள்ளம் இறங்குகிறது. கரைக்குப் பக்கத்திலேயே ஆழ்கடல். அந்த நீரில் அவர்கள் நீலத்திமிங்கிலங்களைக் கண்டார்கள். பூமியின் மிகப் பெரிய விலங்கு கோணேசர் மலையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் மூச்சுவிடுகிறது என்பது அப்போதுதான் உலகுக்குச் செய்தியாயிற்று. மலையில் தேங்காய் உடைக்க வந்த எத்தனை பேர் அந்த நீர்த்தூவலைப் பார்த்திருப்பார்கள்? நாளும் நேரமும் எழுதியிருந்தால் திமிங்கிலம் எந்த மாதத்தில் வருகிறது என்பதற்கு ஒரு நூற்றாண்டுப் பதிவு நம்மிடம் இருந்திருக்கும். 1983க்குப் பிறகு போர் கடலையும் காட்டையும் பூட்டிவிட்டது. பார்வைக்கு வேண்டிய முதற்பொருளான அச்சமற்ற நடமாட்டமே இல்லாமல் போயிற்று.

இன்று நிலைமை கெலார்ட்டின் காலத்தைவிடச் சாதகமாகவே இருக்கிறது. உத்தியோகத்தின் பேரால் திருகோணமலையில் தங்க வேண்டியவர்கள் அன்றைய கோட்டையில் இருந்ததைவிட இப்போது அதிகம்: வெளிமாவட்டத்திலிருந்து இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், வைத்தியசாலைத் தாதியர், துறைமுக ஊழியர், வங்கி உத்தியோகத்தர். பலர் இடமாற்றக் கடிதத்தை எதிர்பார்த்தே நாளை ஓட்டுகிறார்கள். படமெடுக்கக் கைத்தொலைபேசி போதும். நாளும் இடமும் அதிலேயே பதியும். பெறுநர் லண்டனில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. குறையாக நிற்பது, எழுதுவதைத் தமிழில் வாங்கி அச்சிட ஓர் இதழ் மட்டுமே. தொடங்குவதற்குப் புடைப்பைவிட நல்ல பொருள் கிடைக்காது: பிடிக்கவோ கொல்லவோ வேண்டாம், ஓடிப்போகாது, அனுமதிப்பத்திரம் கேட்காது. பாடசாலை வாசலில் நிற்கும் ஒரு புங்கமரத்தை ஓராண்டு பார்த்து மாதாமாதம் எழுதும் ஆசிரியர், யேர்பரியின் சீட்டு சொல்லாததைச் சொல்லுவார். கெலார்ட்டின் நத்தைக் கட்டுரைகள் வெளிவர, பட்டாள வைத்தியர் ஒருவரின் தங்கலும் கொழும்பில் ஓர் இதழுமே போதுமாயிருந்தன.